உஷ் மேடம் வைத்த பின்கதவு

கட்டட வேலைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் உஷ் மேடம். கலவை மெஷின் தடதடவென்று ஓடும் இடத்தில் நின்றுகொண்டு, மேஸ்திரியைப் பார்த்துக் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்கிற ஆர்க்கிடெக்டை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? கல்யாண மண்டபம் ஒன்று வரைந்து பார்த்தாள். சத்தமே எழும்பாதபடி கூரை போட்டுக் கொடுத்தாள். அங்கே கல்யாணம் நடத்தியவர்கள், என்ன இது இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவளிடம், டாக்டர்கள் கையை விரித்துவிட்ட நோயாளிகள் கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க ஓர் இல்லம் கட்டித் தரும்படி கேட்டு வந்தார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. காகிதத்தில் கோடு போடுவதற்கு முன்னால் கட்டிலில் மல்லாந்து படுத்து யோசித்தாள். படுத்திருப்பவர் கண்ணில் விளக்கு குத்தக் கூடாது என்று விளக்கையெல்லாம் சுவரைப் பார்க்கத் திருப்பினாள். தலையணையிலிருந்தே மரம் தெரிய வேண்டும் என்று ஜன்னலைத் தாழ்வாக வைத்தாள். பளபளக்கிற தரை வயசான கண்ணுக்குத் தண்ணீர் தேங்கினதுபோலத் தெரியும், கால் வைக்கப் பயப்படுவார்கள், அதனால் மங்கலான தரைதான். கதவுகள் திறப்பதும் தெரியாது, மூடுவதும் தெரியாது.

ஆனால் அவளுடைய பெருமையெல்லாம் பின்கதவில் இருந்தது. நடையின் கோடியில், பலகைச் சுவரோடு சுவராக, கைப்பிடிகூட இல்லாமல் அதை ஒளித்து வைத்திருந்தாள். யாராவது இறந்துபோனால் நர்ஸுகள் எல்லா அறைக் கதவையும் மெல்லச் சாத்திவிட்டு, உடலை அந்த வழியாகக் கொண்டுபோய்விடுவார்கள். மற்றவர்கள் கண்ணில் சாவு படவே படாது. இதற்காக ஒரு விருதுகூடக் கிடைத்தது. அதை மட்டும் அவள் ஒளித்து வைக்கவில்லை, வரவேற்பறையின் நடுச் சுவரில் மாட்டியிருந்தாள்.

அப்புறம் அக்கா வந்து சேர்ந்தாள், நோயாளியாக.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஊரில் பாதிப் பேருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்தவள், மீதிப் பேரை ரோட்டில் நிறுத்தித் திட்டியவள். தங்கை எதைச் செய்தாலும் “பரவாயில்ல” என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. தங்கைக்கு இப்போது இரண்டு ஆசைகள். அக்கா இங்கே நிம்மதியாகக் கண்ணை மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நல்லா கட்டியிருக்கேடி என்று சொல்லிவிட வேண்டும். முதல் ஆசையை எல்லோரிடமும் சொன்னாள், இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் பரவாயில்லை. தரை பரவாயில்லை. அடுத்த அறையில் இருந்த பழைய தபால்காரர்தான் பின்கதவு ரகசியத்தைப் போட்டு உடைத்தார். ரகசியம் என்று அதை நினைத்துக்கொண்டிருந்தது உஷ் மேடம் ஒருத்திதான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் சாத்தினால் யாரோ டிக்கெட் வாங்கிவிட்டார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். யார் என்று பிஸ்கட் வைத்துப் பந்தயம் கட்டுவார்கள். போய்விட்டதாகக் கணிக்கப்பட்டவரே நேரில் வந்து, என் பங்கு பிஸ்கட் எங்கே என்று கேட்டதும் உண்டாம்.

அக்காவின் கண்ணில் வெகுநாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. வார்டு ஆயாவின் மகளுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவள் அவள், அதனால் ஆயாவால் மறுக்க முடியவில்லை. நர்ஸுகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, தபால்காரர் சக்கர நாற்காலியில் உருண்டு உருண்டு கதவுகளைச் சாத்தினார். அக்கா ஸ்ட்ரெச்சரில் படுத்துத் தலை வரை போர்வையை இழுத்துக்கொள்ள, ஆயா தள்ளினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை உள்ளே நுழைந்தாள். கதவெல்லாம் சாத்தியிருந்தது. பின்கதவு வழியாக ஸ்ட்ரெச்சர் மறைவது தெரிந்தது. மேலே கிடந்தது, போன வாரம் அவள் வாங்கிக் கொடுத்த பச்சைப் போர்வை.

“அக்கா” என்று அலறினாள் உஷ் மேடம். ஆயுசு பூராவும் அடக்கி வைத்ததெல்லாம் அந்த ஒரு கத்தலில் வெளியே வந்தது. ஆனால் அவள் பார்த்துப் பார்த்துப் பதித்த கூரைப் பலகைகள் அத்தனை சத்தத்தையும் விழுங்கிவிட்டன. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். குப்பைத் தொட்டிகள், கேஸ் சிலிண்டர்கள், அழுக்குத் துணி மூட்டைகள். அவற்றின் நடுவே அக்கா எழுந்து உட்கார்ந்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

“ட்ரையல் பாக்காம புது ரூட்ல வண்டிய எடுக்கக் கூடாது. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

தங்கை அவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். உடனே வலித்திருக்குமோ என்று பயந்து, கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா கொஞ்ச நேரம் அழவிட்டாள்.

“முன்வாசல்ல வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு, போறப்ப குப்பையோட குப்பையா அனுப்புறியே, நான் என்ன திருடிட்டா போறேன்? நான் முன்வாசல் வழியாவே போறேன்டி. எல்லாரும் பாக்கட்டும்.”

“மத்தவங்க பயப்படுவாங்கக்கா.”

“அவங்களயே கேளு. பயம் யாருக்குன்னு தெரிஞ்சிடும்.”

கேட்டாள். ஆயுசில் ஒரு வீட்டிலும் கொல்லைப் பக்கமாகத் தபால் கொடுத்ததில்லை என்றார் தபால்காரர். எதிர் அறை டீச்சர் மட்டும் சிரிக்காமல் பேசினார். தினமும் தன்னோடு டீ குடித்தவள் எப்போது போனாள் என்றே தெரியாமல், மறுநாள் இரண்டு டம்ளர் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். உஷ் மேடம் அன்றைக்கே நிர்வாகக் குழுவிடம் போய் நின்றாள்.

நிர்வாகக் குழு முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. அப்புறம்தான் இன்னொரு கூத்து. முன்வாசலில் அழகுக்கென்று அவள் எழுப்பிய வளைந்த சுவரைத் தாண்டி ஸ்ட்ரெச்சரைத் திருப்பவே முடியவில்லை. உட்கார்ந்து வருகிறவர்களைக் கணக்குப் போட்டவள், படுத்துக்கொண்டு போகிறவர்களை மறந்திருந்தாள். சுவரை இடிக்க ஆள் வந்தது. மேடம் நிற்கிறாளே என்று அவர்கள் பயந்து பயந்து தட்ட, பலமா அடிங்கப்பா என்று அக்கா குரல் கொடுத்தாள். நோயாளிகள் எல்லாம் நாற்காலியோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்த இல்லத்தில் அப்படி ஒரு கொண்டாட்டமான நாள் அதுவரை வந்ததில்லை.

தூசி அடங்கியதும் அக்கா ஸ்ட்ரெச்சரில் படுத்து ட்ரையல் பார்த்தாள். எங்கேயும் உரசவில்லை.

“நல்லா இடிச்சிருக்கேடி” என்றாள்.

தங்கை அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டாள், வேறு என்ன செய்ய?

ஒரு காலை, எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா போய்விட்டாள். ஒரு கதவையும் சாத்தவில்லை. ஸ்ட்ரெச்சர் அறை அறையாகக் கடந்து போக, டம்ளர்கள் கீழே இறங்கின. தபால்காரர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை, கையை மட்டும் தூக்கினார். வாய்ப் பழக்கத்தில் டீச்சர், “பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டுத் தானே அழுதார். பின்னால் நடந்த தங்கையும் வாய்விட்டு அழுதாள், கூரை விழுங்கியது போக மீதி எல்லோருக்கும் கேட்டது. அதற்குள் வாசல் வந்துவிட்டது. நடையை இன்னும் கொஞ்சம் நீளமாக வரைந்திருக்கலாமே என்றிருந்தது அவளுக்கு.