எண்ணெய் அக்காவும் கீச்சிட்ட வேனும்

எண்ணெய் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தையல் மிஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். மூக்கு நீண்ட எண்ணெய் டப்பா இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. மிஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் கதவு கிறீச்சிட்டால் அவளுக்குப் பொறுக்காது. வீட்டுக்காரர் வாங்க என்று சொல்வதற்குள் கீலில் ரெண்டு சொட்டு இறங்கியிருக்கும். தங்கையும் மாப்பிள்ளையும் போனில் சண்டை போட்டால்கூட, "குடு இப்படி, நடுவுல நான் ரெண்டு சொட்டு விடுறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள்.

எண்ணெய் விஷயத்தில் அவளுக்குக் கோபம் வருகிற இடம் ஒன்றே ஒன்று. மிஷின் பெல்ட். கடைத்தெரு டெய்லர் ஒருமுறை, சத்தம் வருகிறதே என்று பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டுவிட்டார். கீழே சக்கரம் ஜோராகச் சுற்றியது. மேலே ஊசி அசையவில்லை. "பிடிச்சு இழுக்குற இடத்துல எண்ணெய் விட்டா வழுக்காம என்ன செய்யும்? சட்டை தைக்குற மூளையைக் கொஞ்சம் இதுக்கும் செலவு பண்ணக்கூடாதா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். டெய்லர் அதை மறக்கவில்லை. மறக்கிற மாதிரியா திட்டினாள்!

இப்போது அக்காவின் கவலை வேறு. தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, கரைக்கு வர இன்னும் மாதக்கணக்காகும். வீட்டில் அக்காவும் தங்கையும் அந்த ஒரு சாண் ராஜாவும்தான். ராஜாவுக்குத் தூக்கம் என்றால் வேப்பங்காய். தொட்டிலில் போட்டால் அழுகை, தோளில் போட்டால் முனகல். அக்கா மிஷின் ஏற்றிப் போகும் பழைய வேனில் வைத்து உருட்டினால் மட்டும் கண் சொருகும். அதுவும் தெருமுனை வரைதான். அங்கே பிரேக்கை மிதித்ததும் முன்சக்கரம் இரண்டும் கீச்சென்று அலறும். ராஜா அதைவிட ஒரு படி மேலே அலறுவார்.

தங்கையைத்தான் அக்காவால் பார்க்க முடியவில்லை. அம்மா அப்பா போனபிறகு தானே தூக்கி வளர்த்த பெண். இப்போது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே என்ன சொல்ல வந்தோம் என்று முழிக்கிறாள். அன்று காலை டீயில் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, அதற்கும் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு தூக்கம்க்கா. ஒரே ஒரு முழுத் தூக்கம் தூங்கிட்டா நான் மனுஷியாயிடுவேன்."

"இந்த வேன் கத்துறதுதானே பிரச்சினை? நான் எதுக்கு இருக்கேன்?" என்று எழுந்தாள் அக்கா.

ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பார்கள். பாசக்காரருக்கு அதுவும் கிடையாது. டப்பாவின் மூக்கைச் சக்கரத்துத் துளைக்குள் விட்டு, உள்ளே பளபளத்த வட்டத் தகட்டில் தாராளமாகப் பீய்ச்சினாள். அந்தப் பக்கமும் அப்படியே. நல்ல வேளை, ஓட்டிப் பார்க்கத் தனியாகத்தான் போனாள்.

கடைத்தெருவில் மெதுவாகப் போய் பிரேக்கை மிதித்தாள். சத்தமே இல்லை. "எப்படி!" என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். சத்தம் நின்றது, வேன்தான் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். அது பாட்டுக்குப் போனது. கைபிரேக்கைப் பிடித்து இழுப்பதற்குள், வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. ஒரு கீறல் இல்லை. ஆனால் எதிரே இருந்தது அந்த டெய்லரின் கடை.

அவர் கழுத்தில் டேப்போடு இறங்கி வந்தார். சக்கரத்தில் வழிந்த எண்ணெயைப் பார்த்தார். வெகு மரியாதையாகக் கேட்டார்:

"அக்கா... பெல்ட்டுக்கு எண்ணெய் விட்டீங்களோ?"

அக்கா முறைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. பிடித்து நிறுத்துகிற இடம்! முகம் சிவந்து, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சட்டை தைக்குற மூளையை..." என்று அவர் ஆரம்பித்தார்.

"போதும் டெய்லரே, மிச்சம் எனக்கே மனப்பாடம். வந்து தள்ளுங்க."

கடைத்தெருவே தள்ளியது. வழியெல்லாம் அவளுடைய வசவை ஆளுக்கொரு வரியாக அவளுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

வீட்டு வாசலில் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கி நிறுத்திவிட்டு முன்சக்கரங்களைக் கழற்றினாள். தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடுகள் எண்ணெயில் ஊறியிருந்தன. அவை குப்பைக்குத்தான். பேடுகளைத் தாங்கும் கவ்வியை நகர்த்தப் பார்த்தாள், அசைய மறுத்தது. அது வழுக்கிப் போகவேண்டிய சின்னக் கம்பியில் துரு அப்பியிருந்தது. கவ்வி விலகாமல் பேடு எந்நேரமும் தகட்டை உரசி உரசி வழவழத்துப்போய், மிதித்தால் அலறியிருக்கிறது.

"அட, உனக்குத்தான்டா கொடுத்திருக்கணும்!" என்றாள். துருவைத் தேய்த்து எடுத்து, பிரேக்குக்கென்று விற்கிற கிரீஸை அங்கே மட்டும் தடவினாள். தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தாள். புதுப் பேடுகளை வாங்கி மாட்டி, சக்கரங்களைப் பூட்டி, பிரேக் மிதி கெட்டியாகும் வரை மிதித்து, காலித் தெருவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டித் திருப்தியானபிறகுதான் தங்கையைக் கூப்பிட்டாள்.

ராஜாவைக் குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு, பக்கத்தில் தங்கையை உட்கார்த்தி, வேன் கிளம்பியது. தெருமுனை வந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். வேன் சொன்னபேச்சுக் கேட்டு நின்றது. சத்தம் இல்லை.

இல்லை, இருந்தது. கர்ர்ர் என்று ஒரு உரசல். அக்காவுக்குப் பகீரென்றது. எஞ்சினை நிறுத்தினாள். அப்போதும் கேட்டது. கை தானாக எண்ணெய் டப்பாவைத் தேடியது.

திரும்பிப் பார்த்தாள். தங்கை ஜன்னலில் தலை சாய்த்து, வாய் பிளந்து, ஊரைக் கூட்டுகிற குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ராஜா அரைக்கண் திறந்து அம்மாவைப் பார்த்தார். இது நம்ம வீட்டுச் சத்தம்தான் என்பதுபோல மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவுக்கு சந்தோஷத்தில் கண் கலங்கியது. கையில் சிக்கிய டப்பாவைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். ஒரு சத்தத்தை எண்ணெய் விடாமல் அது பாட்டுக்கு அவள் விட்டுவைத்தது அன்றுதான் முதல்முறை. இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று வண்டியை எடுத்தாள்.