அக்கா முன்னால், நான் பின்னால்

என் அக்கா மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இன்று நேற்று வந்ததல்ல. சலவைக்கூடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சைக்கிளில் போக ஆரம்பித்த காலத்திலிருந்தே இருக்கிறது. இறக்கத்தில் அவள் என்னை ஒரு நாளும் முன்னால் போக விட்டதில்லை. ஏற்றத்தில் எப்படி வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம், கேட்க மாட்டாள். ஆனால் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அருகே நின்று அவளுக்காகக் காத்திருக்க வேண்டும். வந்து, மூச்சு வாங்கி, முகத்தைத் துடைத்து, பிரேக்கை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு அவள்தான் முதலில் இறங்குவாள். நான் அவள் மட்கார்டைப் பார்த்தபடி பின்னாலேயே வர வேண்டும். மீசை நரைத்த பிறகும் இதே கதைதான்.

கேட்டில் நிற்கிற காவலாளிக்கு இது தினப்படி விருந்து.

"என்னப்பா, இன்னைக்கும் அக்கா கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்களா?"

"உன் வேலையைப் பாருய்யா."

"நான் பார்க்கிற வேலையே இதுதானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா காதிலேயே வாங்கிக்கொள்ள மாட்டாள். சைக்கிளைப் பூட்டிவிட்டு, என் பழைய பேன்ட்டை வெட்டித் தைத்துப் போட்டிருப்பாள் அல்லவா, அதன் கால் மடிப்பைப் பிரித்து விட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். என்னை இன்னும் மூக்கு ஒழுகும் பயலாகத்தான் நினைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீடுகள் மலைக்கு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, நோயாளிகள் போடும் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சலவைக்கூடம் அது. பஸ் இருக்கிறது. ஆனால் மலையைச் சுற்றிக்கொண்டு அது வந்து சேர்வதற்குள் முதல் ஷிப்ட் பாதி முடிந்திருக்கும். அதனால் சைக்கிள்தான். ஏறும்போது தொடை கழன்றுவிடும், அது வெறும் வலி. இறங்குவதுதான் பயம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சுவர், சுவருக்கு அப்பால் ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு வளைவு. அதற்கு முழங்கை என்று பேர். மடக்கிய கை மாதிரி சட்டென்று திரும்பும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது என்று சும்மாவா சொன்னார்கள். எங்களுக்கு அந்த உயிர் பிரேக் கம்பியில் இருந்தது.

எனக்கு முன்னால் அக்காவோடு போய்க்கொண்டிருந்தவர் அவள் வீட்டுக்காரர், என் மாமா. அதே சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தார். அவர் முன்னால் போவார், அக்கா பின்னால் வருவாள். மழை விட்ட ஒரு காலையில் முழங்கையில் ஈரச் சருகு அப்பிக் கிடந்திருக்கிறது. ஈரத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்க மாட்டான். மாமாவின் கை அந்த பிரேக்குக்குப் போவதைப் பார்த்துவிட்டு அக்கா கத்தினாள்: "பிடிக்காதீங்க."

எதிர்க்காற்று. நம் பேச்சில் வேண்டாம் என்பதைச் சொல்லின் வாலில் அல்லவா வைத்திருக்கிறோம். தலை போய்ச் சேர்ந்தது, வாலைக் காற்று கொண்டுபோய்விட்டது. மாமாவின் காதில் விழுந்தது 'பிடி' மட்டும்தான். பிடித்தார். சுவருக்கு மேலே பறந்து போய் ஒரு மரத்தில் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பு தப்பவில்லை.

அதன் பிறகு அவர் வீட்டோடுதான். ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்வார்.

"பிடின்னு கேட்டுச்சு, பிடிச்சேன். பொண்டாட்டி சொல்லி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான். அதோட கேட்கிறதை விட்டுட்டேன்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அக்கா மட்டும் அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

மாமா இடத்துக்கு, பாய்லர் வேலைக்கு, நான் போனேன். முதல் நாளே உச்சியில் நிறுத்தி வைத்து அக்கா சட்டம் போட்டாள். இறக்கத்தில் 'காதே' என்று முடிகிற வார்த்தை எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது. 'பிடி' என்பதும் கூடாது. முன்னால் போகிறவர் சாலையில் இருப்பதை மட்டும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும்: கல்லு, ஈரம், வண்டி, வளைவு. பின்னால் வருகிறவர் மணி அடிக்க வேண்டும். மணி கேட்டால், காதில் விழுந்தது, ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. அக்காவின் "கல்லு", என் மணி. அக்காவின் "வளைவு", என் மணி. ஒரு சிராய்ப்பு கிடையாது.

அப்புறம் அந்தக் கோடைக்காலம் வந்தது. ஒரு நாள் அக்கா "கல்லு" என்றாள். ஒடித்து ஓட்டினாள். நானும் ஒடித்தேன். அங்கே கல் இல்லை, மரத்தின் நிழல் கிடந்தது. கேட்டுக்குப் போனதும் கிண்டல் செய்தேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிறது சரியாத்தான் இருக்கு. வயசாகுதுக்கா உனக்கு."

"உனக்கு மட்டும் குறையுதோ?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இல்லாத கல்லைச் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கிற பள்ளத்தைச் சொல்லாமல் விட்ட நாளில்தான் அந்தச் சிரிப்பு நின்றது. சுவர் பக்கம், இடது ஓரத்தில், குழாய் பதிக்க வெட்டிய பள்ளம். பக்கத்தில் மண் குவியல், சிவப்புத் துணி கட்டிய கம்பு. குருடனுக்கும் தெரியும். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே, ஒரு விரல் அகலம் இருக்குமோ என்னவோ, அலுங்காமல் குலுங்காமல் போனாள். தைரியம் இல்லை அது. பள்ளம் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

நான் மணியை அடித்துக்கொண்டே இருந்தேன். என் வாயிலிருந்து வேறெதுவும் வரவில்லை. கத்தலாம் என்றால் நாக்கு நுனியில் வந்து நிற்பதெல்லாம் 'காதே' வார்த்தைகள்தான்.

சைக்கிள் கொட்டகையில் அவளை மறித்துக் கேட்டேன்.

"இடது பக்கம் பள்ளம் இருந்துச்சேக்கா."

"இருந்துச்சா?"

அந்த ஒரு சொல் போதும். பூட்டைப் பூட்டுகிறவள் போலக் குனிந்துகொண்டாள். சாவி துவாரத்தில் சேரவில்லை. விரலால் தடவித் தேடினாள்.

"டாக்டரைப் பார்த்தியா?"

"பார்த்தேன். கண்ணு ஓரத்திலிருந்து மறைச்சுக்கிட்டு வருதாம். போனது திரும்பாதாம். இருக்கிறது நிக்கட்டும்னு சொட்டு மருந்து கொடுத்திருக்காங்க."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னைக் கட்டில் கால்ல கட்டிப் போட்டுடுவார். அப்புறம் அடுப்புல எதை வைக்கிறது, அவரோட ஊன்றுகோலையா?"

"அதுக்காக?"

"சத்தம் போட்டுப் பேசாதே. சூப்பர்வைசரம்மா காதில விழுந்தா நாளைக்கே என்னை உருளையிலிருந்து எடுத்துடுவாங்க. வேற இடம் இங்கே ஏது எனக்கு?"

உருளை என்பது விரிப்பு தேய்க்கும் இயந்திரம். சூடான ரெண்டு உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பின் விளிம்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காய்ந்து வரும். அக்கா இடது விளிம்பைப் பிடித்துக் கொடுப்பவள். அன்று முழுவதும் நான் பாய்லரைப் பார்க்கவில்லை. கதவிடுக்கில் அவள் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியோடு சேர்ந்து அந்தக் கையும் உள்ளே போகிற மாதிரியே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் மடியில் ஒரு கனமும் கிடையாது. அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பயம் மட்டும் வழியிலும் இருந்தது, வேலையிலும் இருந்தது, வீட்டுக்குப் போனால் சோற்றுத் தட்டிலும் இருந்தது.

மறுநாள் உச்சியில், தண்ணீர்த் தொட்டியின் அருகே, அக்கா பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். ஏறி உட்காரவில்லை.

"நீ முன்னால போ."

எத்தனை வருஷமாக இதற்காக முறைத்துக்கொண்டு வந்தேன். இப்போது கால் பெடலில் ஏற மறுத்தது.

"வேண்டாம்க்கா. நடந்தே இறங்கிடலாம்."

"நடந்தா ஷிப்ட்டுக்குப் போய்ச் சேர முடியுமா? உன் சட்டை வெள்ளையா இருக்கு, எனக்கு நடுவுல நல்லாத் தெரியுது. நீ சொல்லு, நான் மணி அடிக்கிறேன்."

"இவ்வளவு நாளா ஏன் என்னை முன்னால விடலே?"

அக்கா ஹேண்டில் பாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னால போறவர் முதுகைப் பார்த்துக்கிட்டு வர்றது எனக்கு ஒரு தடவை போதும்டா. இப்போ முதுகு தெரிஞ்சாலே பெரிசுன்னு ஆயிடுச்சு. போ."

போனேன். முன்னால் போவது என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. சாலை முழுவதும் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சிறு சரளையைக்கூட விடாமல் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் மணி கேட்கும். சொல்லுக்கும் மணிக்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடியில் ஒவ்வொரு தடவையும் நான் அக்காவைப் பறிகொடுத்தேன். மணி கேட்டதும் அவள் திரும்ப வந்துவிடுவாள். திரும்பிப் பார்க்க முடியாது. அந்த ரோட்டில் தலையைத் திருப்பினால் வண்டியும் திரும்பிவிடும்.

கேட்டில் காவலாளி எங்களைப் பார்த்துவிட்டு நேராக நின்றான்.

"அட, இன்னைக்கு டிரெய்லர் முன்னால வருது."

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, மறுநாளிலிருந்து அவன் கிண்டலை விட்டுவிட்டான்.

கோடை முழுவதும் அப்படியே தள்ளினோம். மழை பிடித்தது. ஒரு காலையில் உச்சி முழுக்க வெள்ளைப் பனிமூட்டம். காற்று கீழேயிருந்து மேலே அடித்தது. இன்றைக்கு வேண்டாம் என்று நான் சொன்னேன். "ஏற்கனவே ஒரு நாள் லீவு போட்டாச்சு" என்றாள்.

"ஈரம்" என்றேன். மணி கேட்டது. "கல்லு" என்றேன். மணி. முழங்கை வந்தது. "வளைவு" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மணி கேட்கவில்லை.

இன்னொரு தடவை கத்தினேன். காற்றுதான் காதில் அடைத்தது. அதற்குள்ளிருந்து மெலிதாக அக்காவின் குரல் வந்தது:

"பிடி..."

மீதி வரும் என்று காத்திருந்தேன். 'க்காதே' வர வேண்டும். வந்தே ஆக வேண்டும், இந்த மலையில் அவள் அந்தச் சொல்லை வெறுமனே சொல்ல மாட்டாள். என் விரல்கள் பிரேக் மேல் விறைத்து நின்றன. அழுத்தினால் நானும் மாமா மாதிரி பறப்பேனோ, அழுத்தாமல் போனால் அவள் மேலே என்ன ஆவாளோ. மீதி வரவில்லை. பின் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பாறையில் தோளைத் தேய்த்து வண்டியை நிறுத்தினேன். அதைக் கீழே போட்டுவிட்டு மேலே ஓடினேன்.

அக்கா விழவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கி அந்தக் குட்டைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். சுவருக்கு எந்தப் பக்கம் ரோடு, எந்தப் பக்கம் ஒன்றுமில்லாதது என்று அவளுக்குத் தெரியவில்லை. "எல்லாம் வெள்ளையாப் போச்சுடா" என்றாள். ஒரு காலைத் தூக்கி வைத்திருந்தாள், எங்கே வைப்பது என்று தெரியாமல்.

அதோடு அவள் சைக்கிள் ஓட்டுவது நின்றது. மாமாவுக்கு விஷயம் தெரிந்த அன்று அவர் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. சூப்பர்வைசரம்மாவிடம் நான் போய் நின்று கேட்டதில், கிழிந்த விரிப்புகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப ஒத்துக்கொண்டார்கள். என் கேரியரில் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறேன். மாமா தைக்கிறார், அக்கா தடவித் தடவி மடிக்கிறாள். மடிப்பு கோணுவதில்லை. முழங்கையில் நான் இன்னமும் தனியாக "வளைவு" என்று சொல்லிக்கொண்டுதான் இறங்குகிறேன்.

அக்கா என்னை இப்போதும் அதட்டுவாள், ஏவுவாள், சாப்பிடு என்பாள். ஆனால் தனக்கு வேண்டும் என்று என்னிடம் ஒன்றைக் கேட்டது, அன்று அந்தச் சுவரோரத்தில் கேட்டதுதான் கடைசி. தூக்கிய காலை இறக்காமல், என் காலடிச் சத்தம் வந்த பக்கமாகக் கையை நீட்டினாள்.

"பிடிடா" என்றாள். "கையைப் பிடி."