மூன்றாவது குரல்

சின்னராசாவை யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே "ஓய்" என்பான். பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் மெஷின் இரைச்சலுக்கு நடுவிலும் எப்படியோ அவன் காதில் விழுந்துவிடும். லயம் என்கிற வரிசை வீடுகளின் பிள்ளைகள் சும்மாவே கூப்பிட்டு விளையாடுவார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. புதிதாகத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கு இது வேடிக்கை. பழைய ஆட்கள்தான் பிள்ளைகளை அதட்டி விரட்டுவார்கள்.

அவன் பிறந்த மலையில் ஒற்றைக் குரலுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பனி மூடிவிட்டால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவள்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாள். அந்த நேரம் பார்த்து முனி, தெரிந்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடும் என்பார்கள். ஒரு தடவை கூப்பிடும், இரண்டு தடவை கூப்பிடும். மூன்றாவது தடவை கூப்பிட அதனால் ஆகாது. மூன்றாவது குரல் வந்தால்தான் ஆள். அதற்கு முன்னால் வாயைத் திறந்தவன் வீடு திரும்பமாட்டான். மலையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி மும்முறை கூப்பிடுவது அதனால்தான். நடக்கப் பழகிய நாளிலிருந்து சின்னராசாவுக்கும் இதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

அவன் கூட்டாளி மத்தியாஸுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவனும் அதே லயத்தில் பிறந்தவன்தான், வேதக்காரப் பையன். தாய் தகப்பன் போன பிறகு தங்கை டோரீனைக் கூட்டிக்கொண்டு அட்டன் டவுனுக்குப் போய் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தான். மாவு பிசைந்து சேர்த்த காசில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பேக்கரிப் பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு, சின்னராசாவுக்கு ஒரு வாடகை சைக்கிளும் பிடித்துவிடுவான். எங்கே என்று கேட்கத் தேவையில்லை. மலையில் எங்காவது ஒரு பொடவு இருக்கும். புத்தகத்தில் குகை என்று எழுதுவதை லயத்தில் பொடவு என்றுதான் சொல்வார்கள்.

இலங்கை சுதந்திரம் வாங்கி, தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை இல்லையென்று சட்டமும் போட்டிருந்த காலம் அது.

"நமக்குத்தான் நாடே இல்லைன்னுட்டானுங்களே மாப்ளே," என்பான் மத்தியாஸ், ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே. "பொடவுக்குள்ள போனா நீ எந்த ஊரு பிரஜைன்னு எந்த வவ்வாலும் கேக்காது. வா."

நல்லதண்ணி வழியில், யாத்திரைக்காரர்கள் எப்போதோ அடுப்பு மூட்டிக் கூரை கறுத்த பாறைக்குடை ஒன்றைப் பார்த்தார்கள். தலவாக்கலைப் பக்கம் நீர்வீழ்ச்சிக்குப் பின்னால், நின்றால் எலும்பு வரை ஈரம் ஏறுகிற ஒரு இடம். இன்னொரு தடவை வழி கேட்கப் போய், ஒரு சிங்களக் கிழவர் "கல்கே, கல்கே" என்று பொடவைச் சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டி, கூடவே நடந்து வந்து, வெல்லக்கட்டியும் தேத்தண்ணீரும் கொடுத்தார். போகிற இடத்திலெல்லாம் அட்டைக்கடி. ரத்தம் காய்ந்த காலோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு இருட்டுவதற்குள் வந்து சேர்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தவிர, சின்னராசா அந்தத் தோட்டத்தை விட்டு எங்கும் போனவனில்லை.

மத்தியாஸுக்கு ஒரு கெட்ட பழக்கம். உள்ளே போய் ஒளிந்துகொண்டு, குரலை மெலிதாக்கி "ராசா..." என்பான். வெளியே சின்னராசா வாயைப் பொத்திக்கொண்டு விறைத்து நிற்பான்.

"ஏன்டா பதில் சொல்லல?"

"மூணாவது தடவ கூப்பிடல நீ."

"ரெண்டோட நிறுத்துனா முனியா? அப்ப ஒங்க முனிக்குக் கணக்கு வராதுன்னு சொல்லு!"

தோட்டத்து உச்சி மலைக்கு மேலே இருந்த முனியப்பன் பொடவைக் கடைசிக்கென்று விட்டு வைத்திருந்தான் மத்தியாஸ். அங்கே போன ஞாயிறன்று சின்னராசா வீட்டில் பிள்ளைப்பேற்றுத் தீட்டு. பெண்சாதி அம்மாக்கண்ணு பெண்பிள்ளை பெற்றுச் சில நாள்தான் ஆகியிருந்தது. பொடவு வாசலில் குத்தியிருந்த சூலத்தைத் தாண்டமாட்டேன் என்று அவன் நின்றுவிட்டான்.

"சரி, இங்கயே குந்து," என்றான் மத்தியாஸ். "நான் உள்ள போய் ஒன் மகளுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு முனிகிட்ட கேட்டுட்டு வாரேன்."

டோர்ச்சை அடித்துக்கொண்டு குனிந்து நுழைந்தான். பனி இறங்கியது. சூலம் மறைந்தது, பொடவின் வாயும் மறைந்தது.

"ராசா!"

பாறை அதைத் திருப்பிச் சொன்னது. சின்னராசா பேசாமல் நின்றான். வழக்கமான விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தான். கொஞ்சம் கழித்து மறுபடியும் "ராசா." இந்தத் தடவை குரல் தணிந்திருந்தது. பாறை அதையும் திருப்பிச் சொன்னது. பாறையின் குரலைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தான்.

அது வரவேயில்லை.

லயத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வந்தான். பூசாரி நல்லமுத்து சூலத்துக்குக் கற்பூரம் கொளுத்தி உத்தரவு கேட்டுவிட்டுத்தான் யாரையும் உள்ளே விட்டார். சின்னராசா அப்போதும் தீட்டோடு வெளியே நின்றான். உள்ளே தரையில் ஒரு வெடிப்பு. மத்தியாஸ் கால் வழுக்கி அதற்குள் இறங்கி, நெஞ்சு பாறைக்கு நடுவில் இறுகிக் கிடந்தான். டோர்ச் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டான். மூச்சு இல்லை. உடம்பில் சூடு மட்டும் இருந்தது.

சின்னராசாவை யாரும் குற்றம் சொல்லவில்லை.

"நீ மட்டும் வாயத் தொறந்திருந்தா இன்னிக்கு ரெண்டு பொணம்," என்றார் பூசாரி. அம்மாக்கண்ணு அவன் நெற்றியில் திருநீறு பூசி, பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் போட்டாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நாலு பேர் அவன் புத்தியை மெச்சினார்கள்.

கல்லறையில் டோரீன்தான் கேட்டாள். "எங்கண்ணன் என்னன்னு கூப்பிட்டுச்சு, ராசாண்ணே?"

"ராசான்னு."

"எத்தன தடவ?"

"ரெண்டு."

"ரொம்ப உள்ளுக்கா கெடந்துச்சு?"

"ரொம்ப உள்ளுக்குன்னுதான் பூசாரி சொன்னாரு, தங்கச்சி. ஒடனே ஓடியிருந்தாலும் போய்ச் சேந்திருக்க முடியாதாம்."

அவள் தலையை ஆட்டினாள். அந்த ஒரு சொல்லைத்தான் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ரொம்ப உள்ளுக்கு. சின்னராசா அதற்குப் பிறகு எந்தப் பொடவுக்கும் போகவில்லை. யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதில் சொல்லத் தொடங்கினான். டோரீன் தலவாக்கலையில் வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

அறுபத்துநாலில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது, டோரீனின் மாமியார் வீட்டில் திருச்சிப் பக்கம் போய்விடுவதென்று முடிவு செய்தார்கள். அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு லயத்து வாசலுக்கு வந்தாள்.

"இத கப்பல்ல ஏத்த முடியாதுண்ணே. நீங்க வச்சுக்கங்க." பிறகு, "போறதுக்கு முந்தி அந்த எடத்த ஒருக்காப் பாக்கணும்," என்றாள்.

அவனால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. உச்சி மலை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. சூலத்துக்கு வெளியே சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவன் நின்றுகொண்டான்.

"இப்ப என்ன தீட்டுண்ணே?" என்றாள் டோரீன்.

அவள் டோர்ச்சோடு தனியாகக் குனிந்து உள்ளே போனாள்.

"ராசாண்ணே!"

"ஓய்!" என்றான். கால் தானாகச் சூலத்தைத் தாண்டிவிட்டது. குனிய மறந்த நெற்றி பாறையில் மோதியது. கையை நீட்டினான்; விரலில் அவள் சேலை தட்டியது.

இரண்டு எட்டுக்கூட ஓடியிருக்கமாட்டான். அவள் வெடிப்பின் ஓரத்தில் நின்றிருந்தாள். வாசலின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், பனிக்குள்ளும் சூலம் தெரிந்தது. பக்கத்தில் சாய்த்திருந்த சைக்கிளின் கைப்பிடியும் தெரிந்தது.

"இவ்வளவு கிட்டவா," என்றாள் டோரீன். அது அவனிடம் கேட்ட கேள்வி இல்லை.

நெற்றியிலிருந்து வடிந்த ரத்தம் அவன் கண்ணில் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. அவள் முந்தானையால் துடைக்க வந்து, பாதியில் கையை இறக்கிவிட்டாள்.

முன்னும் பின்னுமாக இறங்கி வந்தார்கள். சைக்கிளை அவள்தான் தள்ளினாள். கீழே லயத்துப் பக்கமிருந்து, இருட்டுகிறதே என்று அவன் மகள் நாகலெட்சுமி தேடும் குரல் வந்தது.

"அப்பா!"

சின்னராசா வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"அப்பா!"

டோரீன் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா!"

"கூப்பிடுறாங்கண்ணே," என்றாள் அவள். "பதில் சொல்லுங்க."