லாரியை நிறுத்திய ஆட்டுக்கல்

மலேசியாவில், கோத்தா திங்கி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறேன். கிழட்டு வண்டி. சரிவில் உருட்டிவிட்டால்தான் எஞ்சின் உயிர் பெறும் என்பதால் எப்போதும் மேட்டில்தான் நிறுத்துவேன்.

சென்ற மாதம், பின்சக்கரங்களைச் சுழற்றும் தண்டின் மூட்டு துருவேறி இறுகிக்கொண்டது. கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டும். வழக்கம்போல், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே மேட்டில் நிறுத்தி, கியரைப் போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தேன்.

“சக்கரத்துக்குக் கல்லு வைக்கவா மச்சான்?” என்றான் என் மனைவியின் தம்பி பெருமாள்.

“கியரு, பிரேக்கு ரெண்டும் இருக்கு லா. நீ சுத்தியலக் குடு.”

போல்ட்டுகளைக் கழற்றியும் மூட்டு அசையவில்லை. ஓங்கி நாலு போடு போட்டேன். தண்டு தொப்பென்று விழுந்தது. சந்தோஷத்தில் நான் கத்துவதற்குள் லாரி நகர்ந்தது! அந்த வண்டியில் கியர், கைப்பிரேக் இரண்டுமே அந்தத் தண்டு வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கின்றன. அதையல்லவா கழற்றிவிட்டேன்!

மூச்சை அடக்கி மல்லாந்து கிடந்தேன். சக்கரங்கள் என் இருபுறமும் உருண்டு போயின. எழுந்து பார்த்தால், லாரி எங்கள் வாசலில், மண்ணில் பாதி புதைந்த ஆட்டுக்கல்லில் முட்டி நிற்கிறது. மாவாட்டிக்கொண்டிருந்த என் மனைவி அப்போதுதான் உப்பெடுக்க உள்ளே போயிருந்தாள்.

வெளியே வந்தவள் என் கைகால்களைத் தடவிப் பார்த்தாள். முழுசாக இருக்கிறேன் என்று தெரிந்த பிறகுதான், “மாவெல்லாம் மண்ணு!” என்று சத்தம் போட்டாள்.

மண்ணெண்ணெயில் ஊறிய மூட்டு மறுநாளே இளகிவிட்டது.

இப்போதெல்லாம் ஸ்பேனரைத் தொடும் முன்பே எல்லாச் சக்கரங்களுக்கும் கட்டை வைத்துவிடுகிறேன். ஆட்டுக்கல்லைக் கொல்லைப்புறம் மாற்றித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தேன்.

“அது அங்கயே கிடக்கட்டும்,” என்றாள். “உங்க கட்டைய நான் நம்பல.”