செம்பனைத் தோட்டத்தில் வழி மாறாத லீடர்

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. இன்று நிபோங் திபால் செம்பனைத் தோட்டத்துக்குள் நடக்கப் போன நண்பர்கள் நாங்கள் நான்கு பேரும் முழுசாக வீடு திரும்பிவிட்டோம். காரணம், அடியேன்.

போன தடவை நான் வழிகாட்டி எல்லாரையும் சேற்றில் இறக்கியதால், "இன்னிக்கும் வழி மாறுச்சுன்னா, இனிமே நான்தான் லீடர்" என்று கவிதா கிளம்பும்போதே மிரட்டினாள்.

உள்ளே எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். போனில் லைன் இல்லை. பொழுதும் சாய்ந்துவிட்டது.

"டேய், வழி தெரியுமா தெரியாதா? சொல்லு லா!" என்றான் முகிலன்.

"பேசாம என் பின்னால வாங்க."

அப்போது குறுக்கே ஒரு பசு வந்தது. "பெரியவங்க முன்னால போகட்டும்" என்று மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்து வீடுகள் தெரிந்தன. அதை ஒட்டியே மெயின் ரோடு!

"செம லா! ஒரு இடத்துலகூட யோசிக்காம கூட்டிட்டு வந்துட்டியே" என்று கவிதாவே சொன்னாள். ரோட்டோரக் கடையில் ஜில்லென்று ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்கும் வாங்கிக் கொடுத்தாள்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பசு, பால் கறக்கும் நேரத்துக்குத் தானாக வீடு திரும்பிக்கொண்டிருந்தது. நான் கடைசிவரை அதன் வாலைப் பார்த்துத்தான் நடந்தேன்.

கவிதா, லீடர் பதவியை அந்தப் பசுவுக்கே கொடுத்துவிடு. ஐஸ் கச்சாங்கை மட்டும் திருப்பித் தர முடியாது.