பதினோரு செல்லாத படிவங்கள்

போன வாரம் ஈப்போவின் சிலிபின் பகுதிக் கிளினிக்கில் மருந்து கொடுத்த பெண், கூடவே ஒரு சின்னத் திரையையும் நீட்டினாள். அதில் அழுவது முதல் சிரிப்பது வரை ஐந்து மூஞ்சிகள்.

"எங்க சர்வீஸ் எப்படி அங்கிள்? ஒண்ணத் தொடுங்கலா."

சிரிப்புக்கும் அரைச்சிரிப்புக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். எனக்கு மறுபடியும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமோ என்பதுபோல் பார்த்தாள்.

அவள் என்ன செய்வாள், என் வாலிபமே அந்த இடைவெளியை அளப்பதில் போனது. எழுபதுகளின் கடைசியில் இதே ஈப்போவில் ஓர் இலாகாவில் மதிப்பீட்டு உதவியாளன் நான். மதிப்பீட்டுக் கோட்பாடு, ஒரு திட்டத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கும். புள்ளியியல், எத்தனை பேர் என்று கேட்கும். இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைக்கும் தரகன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடந்தது. வருவதோ பதினோரு பேர். அதை மூடுவதா வேண்டாமா என்பது என் அறிக்கையைப் பொறுத்திருந்தது. சைக்ளோஸ்டைல் மை மணக்கும் படிவங்களோடு போனேன். விதிப்படி, நான்தான் கேள்வியை வாசிக்க வேண்டும். நான்தான் பதிலைக் குறிக்க வேண்டும்.

மத்தியானம் ரப்பர்ப் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வாடையோடே வந்து உட்கார்ந்தார்கள். முதல் கேள்வி முடியவில்லை, முனியம்மாக்கா படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீங்க வாசிச்சு முடிக்கப் பொழுது போயிரும் தம்பி. நாங்களே போட்டுக்கிறோம்."

மற்றவர்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

"வாழ்க்கையில மாற்றம் உண்டான்னு கேட்டிருக்கு. 'மிக அதிகம்' போடவா?"

"ஒன் புருசன் அப்படியேதானே இருக்கான்? 'ஓரளவு' போடுடி!"

சிரிப்பு அடங்குமுன் லெட்சுமியக்கா நிமிர்ந்தார். "தம்பி, மூணாவதும் பன்னண்டாவதும் ஒரே கேள்விதானே? மாத்திக் கேட்டா பதிலு மாறிருமா?"

பதில் உண்மைதானா என்று பார்க்க இருமுறை கேட்பது எங்கள் தொழில் ரகசியம். இலாகாவில் பட்டதாரிகள்கூட அதைக் கவனித்ததில்லை. முந்திய வருஷம்வரை கைநாட்டு வைத்தவர் பிடித்துவிட்டார்.

என் மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், விதி பிசகாதவர், யாரையும் 'ஐசே' என்றே விளிப்பவர். "இதென்ன ஐசே, கையெழுத்து ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரிக் கிடக்கு? பதினொண்டும் செல்லாது."

"சரி சார். ஏன் செல்லாதுன்னு காரணத்தையும் எழுதிடுங்க."

'பதிலளித்தவர்கள் தாங்களே வாசித்து எழுதியதால்' என்று எழுதினார். எழுதியதை வாசித்தார். பிறகு மேசை குலுங்கச் சிரித்தார். வகுப்பு பிழைத்தது.

எண்பதுகளில் தோட்டத்தையே வீடமைப்புக்கு விற்றார்கள். தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் போயின, வகுப்பு நடந்த கொட்டகை போனது, அக்காமார்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்க, எந்த இலாகாவும் ஒரு படிவம்கூட அடிக்கவில்லை.