குளிசைக்காகப் பேசிய ராத்தா

நேர அட்டையைச் செருகி அடிக்கும் இயந்திரத்துக்கு மேலே, நான்கு மூலையிலும் ஒட்டுநாடா ஒட்டிய ஒரு வெள்ளைத் தாள். புலம்பெயர்ந்து வந்து ஸ்காபரோவில் நான் வேலைசெய்த கேக் தொழிற்சாலையில், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமைக் காலை அதைப் பார்த்தேன். எங்கள் பகுதியில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான்தான் என்று பெயர். அதனால் தலைமுடி பறக்காமல் தலைவலை போட்ட ஐந்தாறு பேர் என்னைச் சுற்றி நின்று, "என்னவாம், என்னவாம்?" என்றார்கள். நான் ஒரு தடவை மனதுக்குள் வாசித்தேன். பிறகு, "ஏதோ மருந்துத் திட்டமாம், பிறகு சொல்லுறன்" என்று மழுப்பிவிட்டு, கேக் ஓடிவரும் பெல்ட்டுக்குப் போய்விட்டேன். பக்கத்தில் இரண்டு ஆண்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் அதை எப்படித் தமிழில் சொல்வது?

தாளில் இருந்தது இதுதான். கம்பனி தரும் மருந்துத் திட்டத்தில் கருத்தடைக் குளிசைகள், அதாவது மாத்திரைகள், இனிமேல் இரா. அவை முதலாளியின் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாதவை. இந்த நாட்டில் டொக்டரைப் பார்ப்பதற்கு அரசாங்க அட்டை போதும். ஆனால் டொக்டர் எழுதித் தரும் மருந்தைப் பாமசியில் வாங்க, வேலை தருபவரின் திட்டத்தைத்தான் எங்களைப்போன்றவர்கள் நம்பியிருந்தோம். நானும் அந்தக் குளிசையைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் பத்து நாள் உதிரம் போய், ஒருமுறை ஓடும் பெல்ட்டின்மேலேயே மயங்கிச் சரிந்தவள் நான். குளிசை தொடங்கி நான்கு மாதத்தில் முகத்தில் மீண்டும் இரத்தக்களை ஊறியிருந்தது. படிகளில் மூச்சு வாங்காமல் ஏறினேன். என் கணவருக்குக்கூட அதை முழுதாக விளக்கிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சரிந்தபோது என்னைத் தாங்கிப் பிடித்தவர் எனக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று செர்ரிப்பழம் வைப்பவர். கொழும்புப் பக்கத்து முஸ்லிம் பெண். எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோரும் அவரை ராத்தா என்போம். அவர்கள் வழக்கில் அக்கா என்று அர்த்தம். ஐந்து பிள்ளைகளின் தாய். முக்காட்டுக்கு மேலே தலைவலையை மாட்டி, ஒரு கேக்குக்கு எட்டுச் செர்ரி என்று வைத்துக்கொண்டே போவார். கை ஒருபோதும் தவறாது, வாயும் ஓயாது. தாளைப் பார்த்த அந்தத் திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "என்ன புள்ள, அந்தக் கடுதாசில ஒண்ட மறைச்சிட்டாய்" என்றார். சொன்னேன். ரொட்டியை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "நாளைக்கு ரெண்டு பேரும் முதலாளிட கந்தோருக்குப் போவம்" என்றார்.

முதலாளி கெட்டவர் என்றால் போவது சுலபமாக இருந்திருக்கும். அவர் நல்ல மனிதர். எங்கள் பெயர்களைப் பிழையாக என்றாலும் ஒன்றுவிடாமல் சொல்லுவார். பனி கொட்டிய ஒருநாள் ஒரு பெண்ணுக்குக் கை சுட்டபோது, தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கிறிஸ்து பிறப்பான நத்தார் விருந்தில் கண்ணை மூடிச் செபம் சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே கண் கலங்கும். ராத்தாவுக்கோ அவர் செய்தது இன்னும் பெரிது. மாவு மூட்டை அடுக்கும் அறையின் மூலையை ஒதுக்கித் தந்து, தொழுகைக்கு நேரமும் விட்டிருந்தார். சுற்றிலும் வேறெந்தத் தொழிற்சாலையிலும் அது கிடையாது. "உங்களுக்கு என்னத்துக்கு இந்த வேலை ராத்தா? பிறகு அந்த மூலையும் போயிடும்" என்றேன். "போனா வீட்ட வந்து தொழுறன். நீ மயங்கி விழுந்தா நான் எங்க கொண்டுபோய் வைக்கிற?" என்றார்.

மறுநாள் முதலாளியின் அலுவலக அறையில், அவர் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். ராத்தா தமிழில் பேச, நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். விஷயத்தைக் கேட்டதும் முதலாளிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். ராத்தாவைப் பார்த்து, கடவுள் பயம் உள்ள பெண் நீ, மற்ற யார் எதிர்த்தாலும் நீ என் பக்கம் நிற்பாய் என்று நினைத்தேனே என்றார்.

ராத்தா சிரித்தார். "கடவுள் பயம் ஈக்குதுதான். எனக்கு அஞ்சு புள்ள. அந்தக் குளிசைய நான் கண்ணாலயும் கண்டதில்ல. நீங்க எனக்குத் தொழ இடம் தந்தீங்க. ஆனா இந்தப் புள்ளைகள என்னோட சேந்து தொழச் சொல்லி ஒருநாளும் சொல்லல்ல. அதுதான் நல்ல மனிசன்ட குணம். உங்கட நோன்ப நீங்க புடியுங்க. எங்களுக்கும் சேத்துப் புடிக்காதீங்க."

அவர் சொன்னதை என்னால் முடிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முதலாளி பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். ராத்தா தொடர்ந்தார்: "இங்க ஒரு புள்ள ஈக்குது. மாசத்தில பத்து நாள் ரெத்தம் போகுது. டொக்டர்தான் அந்தக் குளிசையக் குடுத்த." என் பெயரைச் சொல்லாமல் அவர் எனக்கு மறைப்புக் கட்டித் தந்தார். நானும் யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் தொடங்கினேன். பாதி வாக்கியத்தில் என்ன நினைத்தேனோ தெரியாது. அந்தப் பெண் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். மன்னிக்கவேண்டும், எனக்குத் தெரியாது என்றார். பிறகு, கொஞ்சம் உற்சாகமாகி, ஒரு வழி சொன்னார். நோய்க்காக எடுப்பவர்கள் டொக்டரின் கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து தரட்டும். வாசித்துப் பார்த்து அனுமதிக்கிறேன் என்றார். எனக்கு அது போதும் என்று தோன்றியது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். ராத்தா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கேளு புள்ள. இங்க அறுவது எழுவது பொம்பிளையள் வேல செய்றம். ஆருக்கு எப்ப வருது, எத்தின நாள் போகுது, ஆருக்குப் புள்ள வேணும், ஆருக்கு இப்ப வேணாம், இதெல்லாம் இவரா இந்த மேசையில வெச்சு வாசிக்கப்போறார்? ஒவ்வொரு மாசமும்?"

அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான ஆங்கிலம் அதற்கு முன்னர் நான் பேசியதில்லை. முதலாளியின் கழுத்தில் தொடங்கிய சிவப்பு, காது வழியாக நெற்றிவரை ஏறி, எங்கள் செர்ரிப்பழத்தின் நிறத்துக்கு வந்து நின்றது. "நோ, நோ, நோ" என்றார். மேசையில் அந்தக் கடிதங்கள் ஏற்கெனவே குவிந்து கிடப்பதுபோல இரண்டு கைகளையும் விலக்கிக்கொண்டார். ராத்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் முதலாளியும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அந்தத் தாள் இல்லை. திட்டம் பழையபடி இருக்கும் என்று எங்களை மேற்பார்க்கும் சுப்பவைசர் வாயால் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் மாவு அறையின் மூலைக்கு ஒரு சின்ன ஹீட்டர் வந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

எல்லாம் அப்படியே நிலைத்தது என்று எழுத ஆசைதான். அடுத்தடுத்த வருடங்களில் மூக்குக்கண்ணாடிக்குக் கம்பனி தரும் பங்கு குறைந்தது. பிறகு பல் வைத்தியம் போனது. அதற்கெல்லாம் சமயம் தேவைப்படவில்லை. செலவு என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ராத்தா அதற்கும் என்னை இழுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். அந்த முறைகளில் நாங்கள் வெல்லவில்லை. ஆனால் என் உடம்பு தேறியது. நானும் கணவரும் விரும்பிய காலத்தில் குளிசையை நிறுத்தி ஒரு மகளைப் பெற்றேன். ஆஸ்பத்திரிக்கு முதல் ஆளாக வந்தவர் ராத்தா; பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூக்கு உன்டதில்ல, தப்பிச்சிட்டாள்" என்றார்.

இப்போது நான் வேறொரு இடத்தில், முதியோர் பராமரிப்பு இல்லத்தின் அலுவலகத்தில் வேலைசெய்கிறேன். போன மாதம் எங்கள் நலத்திட்டத்தில் வரும் மாற்றங்களை விளக்கக் கணினித் திரையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கேள்விகள் உண்டா என்றபோது திரையில் முகங்கள் தெரிந்த நாற்பது சதுரங்களும் ஊமையாக இருந்தன. நான் மைக்கைத் திறந்து, எந்தெந்த மருந்து போகிறது, யார் தீர்மானித்தது, ஏன் என்று மூன்று கேள்வி கேட்டேன். பிறகு மற்றச் சதுரங்களும் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. முடிவு இன்னும் வரவில்லை.

கூட்டம் முடிந்த கையோடு ரூஜ் என்ற பகுதியில் மகன் வீட்டில் இருக்கும் ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் பேரப்பிள்ளைகளின் இரைச்சல். கூட்டத்தில் கேள்வி கேட்டதைச் சொன்னேன்.

"குரல் நடுங்கினதா புள்ள?"

"ஓம் ராத்தா, நல்லா நடுங்கினது. உங்களைப்போல எனக்கு ஏலுமே?"

"என்னப்போலயா? அண்டைக்கு முதலாளிட கந்தோரில எனக்கு ரெண்டு காலும் நிக்காம ஆடின. மேசைக்குக் கீழ கிடந்ததால உனக்குத் தெரியல்ல" என்று சொல்லி, பேரப்பிள்ளைகளையும் மீறிச் சிரித்தார்.